ஊருக்குத்தான் உபதேசமா?

சர்வதேச மன்னிப்புச் சபையின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் வீடு இந்நாட்டில் உளதென நாம் நம்பவில்லை. 1979ஆம் ஆண்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்தது. நம் இளைஞர்கள் விசாரணையின்றி முகாம்களிலே அடைக்கப்பட்டனர். அந்நாட்களில், 1982இன் தொடக்கத்தில், இச்சபையின் தூதுக்குழுவொன்று இலங்கைக்கு வந்து, கண்டதையும் கேட்டதையும் 1983இல் அறிக்கையாக வெளியிட்டது. நமது முறையீட்டுக்குக் கொழும்பில் ஒரு சதத்தின் மதிப்பும் இல்லாதிருந்த வேளையில், அச்சபையின் சொல்லுக்கு உலக மன்றங்களிலே மதிப்பிருந்தது. பின்னாளில் காணாமற் போன பிள்ளைகளைத் தேடி வீதியில் இறங்கிய தாய்மாரும் அதன் கதவைத் தட்டாமலில்லை. ஆதலால், அச்சபையின் சொந்த வீட்டினுள்ளே நிகழ்ந்த கொடுமைகளைப்பற்றி எழுதுவது நமக்கு உவப்பான பணியன்று. உவப்பில்லையென்பதற்காக எழுதாது விடுதல் பத்திரிகைத் தொழிலுக்கு அழகுமன்று.

1961ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகையில் பீற்றர் பெனென்சன் என்னும் வழக்கறிஞர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து முளைத்த இயக்கம் இது. முகமறியாக் கைதிக்காக முகமறியா மனிதன் ஒரு கடிதம் எழுதினால் சிறைக் கதவு அசையும் என்ற நம்பிக்கையே அதன் மூலதனம். 1977இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அதனைத் தேடிவந்தது. இடையிலே வீட்டுச் சண்டைகளும் இல்லாமலில்லை. தோற்றுவித்த பெனென்சனே 1967இல் மனக்கசப்புடன் விலக நேர்ந்தது. ஆயினும் தபால்தலையும் காகிதமுமாக இருந்த இயக்கம், இலண்டனிலே பெரிய தலைமைச் செயலகமும், பல தரத்து உத்தியோகத்தரும், அவர்களை மேய்க்க மேலாளரும், மேலாளரை மேய்க்க மேன்மேலாளருமாக வளர்ந்தது. வளர்ச்சி குற்றமன்று. வளர்ந்த வீட்டை எவ்வாறு ஆளுவது என்பதைக் கற்றுக்கொள்ளாமையே குற்றம்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், அச்சபையின் பாரிஸ் கந்தோரிலேயே அதன் ஆய்வாளர் கயித்தான் மூட்டூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மேற்கு ஆபிரிக்க நாடுகளின் சிறைகளையும் படுகொலைக் களங்களையும் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். வேலைச் சுமை தாங்க முடியாததாயிற்று என்றும், உதவி கேட்டும் மேலிடத்திலிருந்து கிடைக்கவில்லை என்றும் அவர் விட்டுச்சென்ற குறிப்பு பேசியது. சபை தன் அலுவல்களை இலண்டனிலிருந்து டக்கார், நைரோபி, ஜொகன்னஸ்பேர்க், பாங்கொக், நமது கொழும்பு முதலிய நகரங்களுக்குப் பரப்ப முனைந்த மறுசீரமைப்பிலே, பாரிசில் இருந்துகொண்ட அம்முதிய ஊழியர் ஏறக்குறைய தனித்தே விடப்பட்டார். இதனை விசாரிக்க அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் லாடி என்னும் இராணி வழக்கறிஞர், நிருவாகத்தின் பாரதூரமான தவறு இங்கே நிகழ்ந்துளதென அதே ஆண்டிலேயே எழுதி வைத்தார். மற்றவர்களின் தனிமைச் சிறையைப்பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவரைத் தனிமையிலே விட்ட கொடுமையை என்னென்று சொல்வது!

ஒருவருடைய மரணத்தைக் கொண்டு ஒரு தாபனம் முழுவதையும் எடைபோடலாகாது என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் 2019இன் தொடக்கத்தில் வெளிவந்த மற்றோர் அறிக்கையைப் படிக்கவேண்டும். 'கொன்ரெறா' என்னும் வெளி நிறுவனம் சபையின் வேண்டுகோளின்படி ஊழியரின் நலனை ஆராய்ந்தது. தலைமைச் செயலகத்தின் ஊழியருள் ஏறத்தாழ 70 வீதத்தினர், அதாவது 475 பேர், அதன் வினாக்களுக்கு விடையளித்தனர். அவர்களுள் 39 வீதத்தினர், இச்சபையில் வேலைசெய்ததன் நேரடி விளைவாகவே தமக்கு உடல் நோயோ மன நோயோ கண்டது என்றனர். பலர் முன்னிலையில் மேலாளர் கீழுள்ளவரை அவமதித்தல், இழிசொல் வழங்கல், வேண்டாதவரைக் கூட்டங்களிலிருந்து ஒதுக்கல், வேலையை விட்டுப் போய்விடு, இருந்தால் உன் வாழ்வு நரகமாகும் என்று பச்சையாக மிரட்டல் ஆகிய யாவும் அவ்வறிக்கையிலே பதிவாகியுள. மேலிருந்தோர் நிலைமையறியாதவர், திறமையற்றவர், இரக்கமற்றவர் என்று ஊழியர் கருதினர் என்பதையும் அது மறைக்கவில்லை. 'நாங்கள்', 'அவர்கள்' என்ற இரு முகாம்களாகத் தாபனம் பிளவுண்டு, அவநம்பிக்கையும் இரகசியமும் அதனுள்ளே குடிகொண்டிருந்தன.

இவ்வறிக்கையில் நாம் மிக முக்கியமாகக் கருதும் முடிவொன்றுண்டு. சித்திரவதைக் கதைகளையும் பிணக் குவியல்களையும் நாள்தோறும் ஆராய்வோர்க்கு மனம் நொந்துபோதல் இயல்புதானே என்று எவரும் எண்ணுவர். தலைமைப்பீடமும் அவ்வாறு சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால், பெரும்பாலான துன்பங்களின் வேர் அந்தப் பணியின் கடுமையன்று, தாபனத்தின் பண்பாடும் நிருவாகத்தின் தவறுகளுமே என்று ஆராய்ந்தவர்கள் கூறிவிட்டனர். கொடுங்கோலரின் குரூரத்தைத் தாங்கிய நெஞ்சங்கள், அடுத்த அறையிலிருந்த மேலாளரின் குரூரத்தைத் தாங்கமாட்டாது ஒடிந்தன.

அது எப்படி நேர்ந்தது? தியாகம் என்ற தூய சொல்லை ஊழியர்க்கெதிராகவே ஆயுதமாக்கலாம் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. தம்மை வருத்திக்கொள்வதே தொண்டின் அடையாளம் என்ற மனப்பான்மை அங்கு வேரோடியிருந்ததென அறிக்கை சுட்டுகின்றது. ஒரு தேயிலைக் கம்பனியிலோ வங்கியிலோ வேலைசெய்பவன் மேலதிகாரியின் கொடுமையைப் பொறுக்கமுடியாவிடின், 'இந்தச் சம்பளத்துக்கு இதுவா?' என்று நேராகக் கேட்பான். தரும தாபனத்தின் ஊழியனால் அவ்வாறு கேட்க முடிவதில்லை. அவன் வாய் திறக்குமுன்பே, 'சிறையிலே நகம் பிடுங்கப்படுகிறவனுக்கு முன்னால் உன் துன்பம் எம்மாத்திரம்?' என்ற வினா அவன் முன் வைக்கப்படுகின்றது. மேலாளர் வைக்காவிடினும் அவன் மனச்சாட்சியே வைத்துவிடும். இலட்சியப் பற்று மிகுந்தவனே அதிகமாக ஏமாறுகிறான். இரவும் விடுமுறையும் பாராது உழைக்கிறான். முறையிடுவதைத் துரோகமென எண்ணுகிறான். இத்தகைய ஊழியரை வேறெந்த முதலாளிதான் விலைகொடுத்தும் பெறமுடியும்?

இனி, ஆளுவோரின் பக்கம் பார்ப்போம். துணிவுடன் களத்தில் நின்றவரையும் திறமாக எழுதியவரையும் பதவி உயர்த்தி, ஐம்பது பேரை ஆளும் நாற்காலியில் இருத்துவது இத்தாபனங்களின் வழக்கம். நன்றாக உழுகிறவன் நல்ல வட்ட விதானையாவான் என்று நமது கமக்காரர் எவரும் கருதமாட்டார். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட வேறொரு பொறுமையும் நடுநிலையும் வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். இலண்டன் அறிவாளர் அதை அறியாதிருந்தனர் போலும். அன்றியும், கடையில் பொருள் பழுதானால் வாங்குவோன் திரும்ப வரமாட்டான். அரசாங்கம் பழுதானால் தேர்தல் வரும். தரும தாபனத்துக்குப் பணம் தருபவன் ஒருவன், பயன் பெறுபவன் மற்றொருவன். உள்ளே நடப்பதை இருவருமே அறியார். அறிந்திருக்கவேண்டிய சபையினர் ஆண்டில் சில முறை கூடி, மேலாளர் எழுதித் தந்த அறிக்கையை மேலாளர் முன்னிலையிலேயே படித்துக் கலைகின்றனர். வெளியே தெரிந்தால் நன்கொடை குறையுமே என்ற அச்சம் எல்லார் வாயையும் கட்டிவிடுகின்றது.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? பதவி விலகிய முன்னாள் பொதுச் செயலாளர் ஒருவர்க்கு 5 இலட்சத்து 33 ஆயிரம் பவுண் வழங்கப்பட்ட செய்தி 2011இல் வெளியாகி, மாதந்தோறும் சில பவுண் அனுப்பிவந்த சாதாரண உறுப்பினரைத் திடுக்கிட வைத்தது. 2012இல் மறுசீரமைப்பை எதிர்த்து இலண்டன் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். அன்று அவர்கள் கூறியதைச் செவிமடுத்திருந்தால், 2018இல் பாரிசிலே நிகழ்ந்தது நிகழாதிருந்திருக்குமோ என்று கேட்பது நியாயமே. தொழிலாளரின் உரிமைக்காக உலகெங்கும் குரலெழுப்பும் தாபனம், தன் தொழிலாளரின் குரலைத் தொல்லையென்று கருதியது.

ஒன்றை மட்டும் மன்னிப்புச் சபைக்குச் சார்பாக நாம் சொல்லியே ஆகவேண்டும். தன் குறையைத் துருவ வெளியாரை அழைத்ததும், அவர்கள் எழுதிய கசப்பை மாற்றாது உலகறிய வெளியிட்டதும் அச்சபையேதான். 2018 ஆகஸ்டில் பொதுச் செயலாளரான தென்னாபிரிக்கர் குமி நைடூ அறிக்கையை ஏற்றுக்கொண்டார். மூத்த தலைமைக் குழுவினர் எழுவருள் ஐவர் 2019இல் வெளியேறும் நிலை ஏற்பட்டது. இதனை நமது நாட்டு வழக்கத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 2006இல் மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர் கொல்லப்பட்ட வழக்கு உட்படப் பல கொடுமைகளை ஆராய அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை, 2015வரை மக்கள் கண்ணிலே படவில்லை. அத்தகைய ஆட்சியாளரும் அவர்தம் துதிபாடிகளும், 'பார்த்தீர்களா மன்னிப்புச் சபையின் இலட்சணத்தை' என்று கைகொட்டிச் சிரிப்பார்களாயின், அந்தச் சிரிப்பை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. இலண்டன் மேலாளர் ஒருவர் தம் லிகிதரை ஏசினார் என்பதால் வெலிக்கடையிலும் பூசாவிலும் நடந்தவை நடவாதவையாகிவிடா.

ஆனால் அதைச் சொல்லி நாம் அமைதியடையவும் இயலாது. ஐவர் போன அதே 2019இல், வரவுசெலவுத் திட்டத்தில் துண்டுவிழுவதைக் காட்டி ஏறத்தாழ 100 வேலைகளைக் குறைக்க முற்பட்டனர். ஆட்சிப்பீடத்தார் போட்ட கணக்குத் தவறியதற்குக் கீழுள்ளவர் விலை கொடுத்தனர். நைடூ அவர்களும் உடல்நலக் குறைவால் அவ்வாண்டின் இறுதியில் விலகினார். பின்னர் 2022இல், சபையின் பிரித்தானியக் கிளையிலே நிறவேற்றுமை தாபன அமைப்பிலேயே ஊறியிருந்ததென இன்னோர் ஆய்வு கூறியது. ஒரு நோயை அறுத்தெறிந்த இடத்தில் மறு நோய் தலைகாட்டிற்று. இது ஒரு தாபனத்தின் சாபமுமன்று. ஒக்ஸ்பாமும், சிறுவர் பாதுகாப்பு நிதியமும் 2018இல் தத்தம் வீட்டு ஒழுக்கக்கேடுகளுக்காகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் தலைகுனிந்து நின்றன.

பிறர் வீட்டைப் பேசியது போதும். 2004இன் கடற்கோளும் போரும் நம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை தொண்டுத் தாபனங்களைக் கொண்டுவந்தன என்பதை நாம் கண்டோம். அவற்றிலே நம் பட்டதாரிப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு ஒப்பந்தத்தில், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற நிலையில் உழைத்தனர். அத்தகையவனிடம் மேலாளரை எதிர்த்துப் பேசு என்று எவ்வாறு சொல்வது? வெளியார் தாபனங்கள் இருக்கட்டும். கடல்கடந்த நம் உறவினர் அனுப்பும் பணத்தால் நடக்கும் முதியோர் இல்லங்களும் சிறுவர் இல்லங்களும் அறக்கட்டளைகளும் இன்று ஊர்தோறும் உள. அங்கே சமைப்பவளுக்கும் பராமரிப்பவளுக்கும் நியமனக் கடிதம் உண்டா? சேமலாப நிதி கட்டப்படுகின்றதா? தலைவர் ஏசினால் முறையிடத் தலைவரல்லாத ஒருவர் உளரா? 'புண்ணியத்துக்குச் செய்கிறோம், கணக்குப் பார்க்கலாமா' என்ற மறுமொழியை நாம் பலமுறை கேட்டுள்ளோம். புண்ணியம் கொடுப்பவர்க்கு, பட்டினி வேலைசெய்பவர்க்கு என்று பங்கிட்டவர் யாரோ!

வைத்தியராகவும் கணக்காளராகவும் சட்டத்தரணியாகவும் இருக்கும் நம் வாசகருட் பலர் இத்தகைய சபைகளிலே கௌரவ உறுப்பினராய் வீற்றிருக்கின்றனர். பொன்னாடையும் முன்வரிசை நாற்காலியும் ஏற்பவர், ஊழியரைச் செயலாளர் இல்லாத இடத்திலே சந்தித்துப் பேச ஆண்டில் ஒருநாளேனும் ஒதுக்கவேண்டும் என்று கேட்கிறோம். நெல் மூட்டையாகவோ காசாகவோ கொடுத்துவரும் கமக்காரப் பெருமக்களுக்கும் இதிற் பங்குண்டு. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும், சென்ற ஆண்டில் எத்தனை ஊழியர் விலகிச் சென்றனர், எதற்காகச் சென்றனர் என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். நேரம் போதாதென்று தலைவர் மணியை அடித்தால், மறுமொழி வரும்வரை அவர் உட்காரவேண்டாம்.