சமயமா சண்டையிடுகிறது?

கெடா மாநிலத்து யான் வட்டாரத்தில் நிற்போரின் கண்ணுக்குத் தப்பாதது ஜெராய் மலை. ஏறத்தாழ நாலாயிரம் அடி உயர்ந்த அம்மலையே பண்டைக் கடலோடிகளுக்குக் கரைகாட்டிய அடையாளம். மேற்கே அதன் அடிவாரத்தில் நெல்வயல்களும் மீனவர் குடியிருப்புகளும் பரந்து கிடக்கின்றன. டச்சுப் படைக்கு எதிரான போர்க்காலத்தில் அச்சேயை விட்டு வந்தோர் அமைத்த கம்போங் அச்சே அங்குதான் உள்ளது. தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கு; சிவனுக்கும் புத்தருக்கும் எழுந்த கோயில்களின் அடித்தளங்கள் அங்கே கல்லாகவும் செங்கல்லாகவும் எஞ்சி நிற்கின்றன. தமிழர் கடாரம் என வழங்கிய நிலம் இதுவே. பின்னாளில் இந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினர். சமயங்கள் மாறின; மலை அனைவர்க்கும் பொதுவாகவே நின்றது.

இத்தகைய மண்ணில் வாழ்வோரே, “பல சமயத்தார் ஓரிடத்தில் அமைதியாக வாழ்தல் இயலாது, எண்ணெயும் நீரும் கலவா” என்று பேசுவது வியப்புக்குரியது. மேடையிலும் தேநீர்க் கடையிலும் ஒலிக்கும் இக்கூற்று உண்மைதானா? கடாரத்தின் வரலாறே இதற்கு விடை கூறும். கடாரத்து மன்னன் பௌத்தன். அவன் மரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தவன் இராசராச சோழன். அவனோ பழுத்த சைவன். அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை 1025-ஆம் ஆண்டில் கடாரத்தைத் தாக்கியது. தந்தை காலத்தில் நட்பாயிருந்த இரு சமயங்கள் மகன் காலத்தில் பகையாகி விட்டனவா? இல்லை. கடல் வழியும் வாணிப ஆதாயமுமே அப்போருக்குக் காரணங்கள் என்பர் வரலாற்றாசிரியர் பலர். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் புலப்பட்ட இவ்வுண்மை இன்றும் மாறிவிடவில்லை. சண்டைக்குச் சமயம் கொடியாகலாம். வேர் வேறிடத்தில் இருக்கும்.

வேர் எங்கே? தோட்டப்புறத்தில் தேடினால் கிடைக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் காட்டை அழித்துப் பால்மரம் நட்ட தமிழர், லயத்து வீடுகளுக்கு அருகே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் கட்டினர். துரைமார் அதனைத் தடுக்கவில்லை. தொழிலாளி ஓடிப்போகாமல் ஊன்றி உழைப்பதற்கு அதுவும் உதவிற்று. ஆயினும் கோயில் நின்ற நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்? தொழிலாளிக்குக் குடியிருந்த வீடும் சொந்தமன்று. கும்பிட்ட இடமும் சொந்தமன்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. அதனைத் தடுக்க 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனால், வாங்கியவற்றினும் கைமாறியவையே பல. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். கோயில் மட்டும் நின்றது. புதிய உரிமையாளன் கையில் பட்டா. பக்தன் கையில் நூறாண்டு நினைவு. இவ்விரண்டும் மோதும் இடத்தில்தான் மண்வாரி இயந்திரம் வந்து நிற்கிறது.

அவ்வுரிமையாளன் எந்த இனத்தவனாகவும் இருக்கலாம், தமிழனாகவும் இருக்கலாம். எனினும் மறுநாள் எழும் கூக்குரல், “எங்கள் சமயத்தைத் தாக்கிவிட்டனர்” என்பதே. எதிர்ப்புறம் எழுவதோ “சட்டவிரோதக் கோயில்” என்னும் ஏளனம். தேசிய நிலச் சட்டம் இயற்றப்பட்டது 1965-இல். அதற்குப் பல்லாண்டு முன்பே எழுந்த கோயிலைச் சட்டத்தை மீறிப் பிறந்தது என்பது எவ்வகை நீதி? கூட்டரசு அரசமைப்பின் 11-ஆம் விதி, ஒவ்வொரு சமயக் குழுவும் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை அளிக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தது; நாட்கூலி பெற்றவன் கையில் நிலம் வாங்கப் பொருள் இல்லை.

2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில், பதினொன்றாம் எண் இடப்பட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டது. அங்கே பூசை இல்லை. பக்தர் கூட்டம் இல்லை. மத விரோதமும் இல்லை. நிலம் தனியாருடையது, காப்பிடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். 2020 ஜூலையில் அலோர் ஸ்டார் தொடர்வண்டி நிலையத்தருகே மதுரைவீரன் கோயில் இடிக்கப்பட்டபோதும் இடம், அனுமதி என்னும் பேச்சே எழுந்தது. பழங்கோயிலுக்கும் சிறுகோயிலுக்கும் நேர்ந்த கேடு ஒன்றே: நிலத்தைக் காக்கும் தாள் இல்லை.

அத்தாளின் இன்மை உயிரையும் குடிக்கும். 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு மாரியம்மன் கோயிலில் இடமாற்றத் தகராறு கலவரமாக வெடித்தது. வண்டிகள் எரிந்தன. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமுற்று டிசம்பரில் மாண்டார். அவருக்கு வயது 24. கெடா மண்ணின் மைந்தர். எரியும் வண்டி எந்தச் சமயத்தானுடையது என்று கேட்டுக்கொண்டு அவர் புறப்படவில்லை. அந்த இளைஞரின் சாவைக்கூட இனப் பகைக்கு எண்ணெயாக ஊற்றியவர் உண்டு. சமயத்தின் பெயரால் பேசும் அவர்கள் எச்சமயத்துக்கும் உரியவரல்லர்.

சமயத்தின் பொருட்டே எழும் சிக்கல் ஒன்றுமில்லையோ எனின், உண்டு. பெற்றோருள் ஒருவர் மதம் மாறியதும் பிள்ளைகளையும் மாற்றியதால் குடும்பங்கள் கலங்கின. ஆயினும் அப்புண் பல்லாண்டு ஆறாதிருந்ததற்குக் காரணம், குடியியல் நீதிமன்றத்துக்கும் ஷரியா நீதிமன்றத்துக்கும் இடையே அதிகார எல்லை தெளிவுபடாமையே. இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரி 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை எனத் தீர்ப்பளித்தது. இறைவனைப் பற்றிய வாதம் அங்கு நடைபெறவில்லை. தாயின் உரிமை பற்றிய வாதமே நடைபெற்றது.

பிறரைக் குறை கூறும் தமிழர் தம் முற்றத்தையும் கூட்டுதல் வேண்டும். மரத்தடிக்கு ஒரு சூலம், சூலத்துக்கு ஒரு நிருவாகக் குழு, குழுவுக்குள் இரு பிளவு என வளர்த்துவிட்டுப் பதிவையும் பட்டாவையும் மறந்தவர் யார்? லயத்துக்குள்ளேயே சாதிக்கொரு கோயில் கண்டவர், அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் சமத்துவம் வேண்டி நிற்பது முரணன்றோ? இஸ்லாத்தைத் தழுவிய தமிழனை அயலான் என ஒதுக்குவோர், தமிழை எங்ஙனம் தம்முடையது என்பர்?

மணிமேகலை பௌத்தம், சிந்தாமணி சமணம், தேம்பாவணி கிறித்தவம், உமறுப்புலவரின் சீறாப்புராணம் இஸ்லாம். இவை அனைத்தும் தமிழ் என்னும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. இதைவிடச் சிறந்த நல்லிணக்கப் பாடநூல் எந்த மொழியில் உண்டு? பள்ளியிலோ, சமயக் கல்வி நேரம் வந்ததும் முஸ்லிம் மாணவர் ஓர் அறைக்கும் பிறர் நன்னெறிக் கல்விக்கு வேறோர் அறைக்கும் பிரிகின்றனர். அடுத்த அறையில் கற்பிக்கப்படுவது யாது என்பதை அறியாமலே இரு சாராரும் வளர்கின்றனர். அறியாமையில் அச்சம் பிறக்கிறது. அச்சத்தை விலைபேச அரசியலார் காத்திருக்கின்றனர்.

ஆதலின் தமிழாசிரியர்க்குக் கடமை இரண்டு. சீறாப்புராணத்தைத் தேர்வு மதிப்பெண்ணுக்காகவன்றி, அண்டை வீட்டாரின் உள்ளம் அறிவதற்காகக் கற்பித்தல் ஒன்று. மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, “இது எம்முடையது” என்னும் செருக்கின்றி, “இது இந்நாட்டினர் அனைவர்க்கும் உரியது” என உணர்த்துதல் மற்றொன்று. கோயில் பொறுப்பாளர்க்கும் கடமை உண்டு: அடுத்த குடமுழுக்குக்கு முன் நிலத்தின் பட்டாவை உறுதி செய்தல். அரசுக்குள்ள கடமையோ இவை அனைத்தினும் பெரிது: நூறாண்டாய் விளக்கெரியும் இடத்துக்கு நிலம் வழங்குதல்.

சமயங்கள் சண்டையிடவில்லை. நிலமற்றோரின் துயரத்தைச் சமயச் சண்டையாக்கி வாழ்வோர் இருக்கின்றனர். அவர்களை இனங்காணாதோரும் இருக்கின்றனர். பின்னவர் கண் திறக்கும் நாளில் முன்னவர் பிழைப்பு ஒழியும்.