மண்ணுக்கு முதலில் உணவு, பிறகு பூசணம்!

2024-25 வேளாண் பட்ஜெட்டில் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்துக்கு ரூ.206 கோடி ஒதுக்கப்பட்டது. பசுந்தாள் உரத்துக்கும் மண்புழு உரத்துக்கும் அதில் முக்கிய இடம் உண்டு. அந்த வரிசை சரியானதே. மண்ணில் மட்கு இல்லாமல் உயிர் உரப் பாக்கெட்டை மட்டும் வாங்கிப் போட்டால் பணம்தான் வீண்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன்மலை விவசாயிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இங்கு அதிகம் பயிராகும் மரவள்ளிக்கு நுண்வேர்கள் குறைவு. மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுக்க அது ‘வேம்’ எனப்படும் வேர் உட்பூசணத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. மலைச்சரிவில் மேல்மண் மழையில் அடித்துப் போனால், இந்தப் பூசணமும் சேர்ந்தே போகிறது. அதற்காக டிஏபி-யை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிகுந்தால் பூசணம் வேரில் பரவுவது குறையும். சரிவுக்குக் குறுக்கே நடுங்கள். மூடாக்கும் பயறு ஊடுபயிரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும்.

வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

• வேம்: கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும்போது 2-3 செ.மீ. ஆழத்தில் இடுங்கள். முள்ளங்கி, முட்டைகோஸ், காலிஃபிளவருக்கு வாங்க வேண்டாம். அவற்றின் வேரில் இது சேராது.

• டிரைக்கோடெர்மா: வேரழுகலைத் தடுக்க, ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 15 நாள் வைத்து இடுங்கள். தோட்டத்துக்கு ஒரு கிலோ தொழு உரத்துக்கு 50 கிராம் போதும். கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லியுடன் கலக்கக் கூடாது.

• கம்போஸ்ட் டீ: நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு கிலோவைத் துணியில் கட்டி, 10 லிட்டர் குளோரின் இல்லாத நீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். அவ்வப்போது கலக்கி, வடிகட்டி, அன்றே வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள்.

கம்போஸ்ட் டீயில் வெல்லம் சேர்க்காதீர்கள். வெல்லப்பாகு போன்றவற்றைச் சேர்த்த கரைசலில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகளும் பெருகக்கூடும் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா மீது தெளிக்கவே வேண்டாம்.

கம்போஸ்ட் டீயில் சத்து குறைவு. அது தொழு உரத்துக்கு மாற்று அல்ல. நோயைத் தடுக்கும் திறனும் இடத்துக்கு இடம் மாறும். எனவே ஒரு பாத்திக்கு ஊற்றி, பக்கத்துப் பாத்தியை அப்படியே விட்டு, விளைச்சலை எடைபோட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். இல்லையென்றால் அந்த மட்கை நேராக மண்ணிலேயே போட்டுவிடுங்கள்.