தேனில் புரளும் மாவுருண்டை

ஸ்ட்ரூஃபோலி, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கிறிஸ்துமஸ் பலகாரம். மைதாவில் முட்டை விட்டுப் பிசைந்து, திரியாக உருட்டி, கொண்டைக்கடலை அளவில் நறுக்கி, எண்ணெயில் பொரித்து, சூடான தேனில் புரட்டி, தட்டில் வளையமாகவோ கோபுரமாகவோ அடுக்குவார்கள். பருப்புத் தேங்காய்க்கு மனோகரம் பிடித்த கைக்கு இது புதிதல்ல. தேன்குழலை நொறுக்கி, வெல்லப் பாகில் கிளறிக் கூட்டில் அடைத்தால் மனோகரம். வயதிலும் அது இளையதல்ல. திருமலைக் கோயிலின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படியோடும் சுகியன்படியோடும் மனோகரப்படியும் வருகிறது.

நேப்பிள்ஸ்காரர்களுக்கு மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று செப்போலே என்ற இன்னொரு பொரித்த பலகாரமும் உண்டு. அதற்குக் கிரீம் வைத்து அலங்கரிக்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்க்க ஸ்ட்ரூஃபோலிதான் தோது.

வேலூர் – திருவண்ணாமலை சாலையில் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் கண்ணமங்கலத்தில் இதற்குச் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. தேனுக்கு மலை இருக்கிறது. வேர்க்கடலையை மல்லாட்டை என்றழைக்கும் வட்டாரம் என்பதால் கடலெண்ணெய்க்கும் குறைவில்லை.

கால் கிலோ மைதாவுக்கு இரண்டு முட்டை, 40 கிராம் வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, எலுமிச்சைத் தோல் துருவல், சிட்டிகை உப்பு. நேப்பிள்ஸில் சோம்பு மணமுள்ள மதுவும் கொஞ்சம் விடுவதுண்டு; இங்கே அரைக் கரண்டி சோம்புப் பொடி போதும். மலையின் சாமையைச் சேர்க்க ஆசைப்பட்டால், மாவில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். சாமையில் பசைத்தன்மை இல்லாததால் திரி உடைந்துவிடும். பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். உடனே உருட்டினால் இழுத்த திரி மறுபடி சுருங்கும்.

விரல் கனத்தில் திரித்து நறுக்கிய துண்டுகளைச் சல்லடையில் போட்டுக் குலுக்குவது முக்கியம். ஒட்டியிருக்கும் உலர்மாவு உதிராவிட்டால் எண்ணெய் நுரைத்துப் பொங்கும், அடியில் கருகும். ஒரு துண்டைப் போட்டதும் குமிழியிட்டு மேலே வந்தால் காய்ச்சல் சரி. ஒரு ஈடு பொன்னிறமாக இரண்டு நிமிடம் போதும்.

சிக்கல் எல்லாம் தேனில்தான். நம் காட்டுத் தேனில் பெரும்பாலும் ஈரம் அதிகம். ஊற்றியபடியே விட்டால் உருண்டைகள் ஒட்டாமல் சரியும். 200 கிராம் தேனில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுச் சிறுதீயில் நுரை கட்டும்வரை காய்ச்சினால் பிடிமானம் வரும். அதற்கு மேல் விட்டால் கசக்கும். உருண்டைகளைக் கொட்டிக் கிளறி, ஈரக் கையால் வளையம் பிடிக்க வேண்டும். காய்ந்த கையில் பாதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தேனைச் சூடாக்கக் கூடாது என்பது நம் வைத்திய மரபு. அதைக் கடைப்பிடிக்கிற வீட்டில் வெல்லப் பாகு காய்ச்சிக்கொள்ளலாம். அப்போது பலகாரம் பாதி மனோகரமாகிவிடும், ருசிக்குக் குறை வராது.

செய்த நாளைவிட மறுநாள் நன்றாக இருக்கும். மூன்று நாள் தாண்டினால் உருண்டை ஊறி வளையம் குலைந்துவிடும்.