மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது யாசகமா?

"யாரையாவது அழைத்துக்கொண்டு வா" - அரசு அலுவலக மேசைகளுக்கு அப்பாலிருந்து நாம் பலமுறை கேட்டுப் பழகிய சொற்கள் இவை. தமிழறியாத வடநாட்டுத் தொழிலாளிக்கும் இதுவே பதில். காது கேளாத, வாய் பேசாத சகோதரிக்கும் இதுவே பதில். அரபுத்தமிழ் ஏடுகளைத் தடையின்றி ஓதியும், தமிழெழுத்தைக் கற்கும் வாய்ப்புப் பெறாத நம் மூதாட்டிக்கும் இதுவே பதில். இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. மக்களின் முறையீட்டைக் கேட்பதற்கென்றே அமைந்த அலுவலகம், அம்முறையீடு தனக்கு விளங்குவதற்கான ஏற்பாட்டையும் தானே செய்ய வேண்டும் என்பது நம் கட்சி.

நம் முத்துக்குளித்துறையின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் டச்சுக் கம்பெனியார் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் ஆண்டனர். தமிழறியாது கரையிறங்கிய இவர்கள் முத்து வாணிகம் செய்ததும் வரி தண்டியதும் எவ்வாறு? இருமொழி அறிந்தோரை இடையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைத் துபாஷி என்று நாடு அழைத்தது. புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் செல்வாக்கு, அவர் எழுதிய நாட்குறிப்பால் இன்றும் உலகறிந்தது. ஆளுவோருக்குத் தேவைப்பட்டபோது மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தன. ஆளப்படுவோருக்குத் தேவைப்படும்போது மட்டும் "நீயே தேடிக்கொள்" என்பது என்ன நியாயம்?

"இது தமிழ்நாடு, 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே அலுவல் தமிழில் நடக்கிறது, பிறகு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?" என்று சிலர் கேட்பர். தமிழ் ஆட்சிமொழியானது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிக்கு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் உழைப்பாளிகள் வருகிறார்கள். இங்கே பிறக்கும் அவர்களுடைய குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கூலி மறுக்கப்பட்டால் முறையிட இடம் வேண்டும். மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு மத்திய அரசு இந்தியில் பதில் விடுத்தபோது, எழுதிய மொழியிலேயே பதில் தர வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். டில்லியிடம் நாம் கேட்டுப் பெற்ற நீதியை, நம் வாசலில் நிற்கும் ஏழைக்கு நாமே மறுக்கலாமா?

சட்டம் இதை அறியாததன்று. நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு அளிக்கிறது. தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களை அவர் அறியாத ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, வாயால் மொழிபெயர்த்துச் சொன்னது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல், ஹரிகிஷன் வழக்கில், கூறிவிட்டது. குற்றவியல் நீதிமன்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் சாட்சியம் தரப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துரைத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பவர் உண்மையாகவே மொழிபெயர்க்கக் கட்டுப்பட்டவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ சைகை மொழியையும் கருத்துப் பரிமாற்ற வழியாக ஏற்கிறது. நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட இந்த நியாயம், வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறும்போதும் நகராட்சியின் வாசலிலும் ஏன் நின்றுவிட வேண்டும்?

மார்க்கம் கற்றோருக்கு இது புதிய செய்தியுமன்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில், ஆட்சியாளருக்கு மொழிபெயர்ப்போரைப் பற்றித் தனிப் பாடமே அமைத்தார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஜைது பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்த செய்தி அங்கே இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் முன் நின்ற பெண்ணின் பேச்சு விளங்காதபோது, "இவள் என்ன சொல்கிறாள்?" என்று அவையிலேயே வினவி, அப்துர் ரஹ்மான் பின் ஹாத்திப் வாயிலாக அறிந்துகொண்ட செய்தியும் இருக்கிறது. "யாரையாவது அழைத்து வா" என்று அவளைத் திருப்பியனுப்பவில்லை. விளங்கிக்கொள்ளும் பொறுப்பைத் தம் தோளிலேயே ஏற்றார்கள்.

நம் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு, காழியின் முன் நடைபெறும் மொழிபெயர்ப்பைச் சாட்சியத்தின் தரத்தில் வைத்து, நேர்மையாளர் இருவர் வேண்டும் என்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒருவரே போதும் என்றார்கள். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு, நேர்மையில் இல்லை. தனக்கு ஆதாயம் உள்ள விவகாரத்தில் சாட்சி சொல்பவரை ஷாஃபிஈ சட்டம் ஏற்பதில்லை. சிறுவரின் சாட்சியத்தையும் ஏற்பதில்லை.

இவ்விடத்தில் நம் குடும்பங்களை நோக்கிக் கேட்கிறோம். கூலி பற்றி முறையிட வந்த தொழிலாளியின் அருகே, அதே முதலாளியின் மேஸ்திரி மொழிபெயர்ப்பாளராக நிற்பது எந்த நீதி? நம் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்வோர் விஷயத்திலும் இது நடக்கிறதா, இல்லையா? விதவைத் தாயின் துயரத்தையும் வாரிசுச் சிக்கலையும் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் அதிகாரிக்குச் சொல்ல வைப்பது, அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யும் கொடுமையன்றோ? இவ்விருவரும் இல்லாதபோது நுழைபவர் தரகர். அவர் சொல்லுக்கும் காசு, மௌனத்துக்கும் காசு!

செலவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அலுவலகம் தோறும் ஒரு பதவியை நாம் கேட்கவில்லை. மாவட்டத் தலைநகரில் இந்தி, ஒடியா, வங்காளம், சைகை மொழி அறிந்தோரின் பட்டியல் ஒன்றும், வேண்டும்போது அவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடும், அவர்களுக்கு உரிய ஊதியமும் இருந்தால் பெரும்பகுதி தீரும். "கைப்பேசியே மொழிபெயர்க்கிறதே" என்பாருக்கும் ஒரு சொல்: வழி கேட்கவும் விலை கேட்கவும் அது உதவட்டும். நிலமும் கூலியும் வாரிசுரிமையும் தொங்கும் இடத்தில், பிழைக்குப் பொறுப்பேற்று நிற்க ஒரு மனிதர் வேண்டும். இயந்திரத்தைக் கூண்டிலேற்றி விசாரிக்க இயலுமா?

ஆகவே அன்பர்களே, கேளுங்கள்! மனுவின் முதல் வரியிலேயே, "இன்ன மொழியில் எடுத்துரைக்க மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று எழுதுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். விளங்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வைக்குமாறு நம்மிடம் பணிபுரிவோரை வற்புறுத்தவும் வேண்டாம். ஊர் ஜமாஅத்துகள் தம் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பட்டும். அரசு பட்டியல் அமைக்கும்வரை, பல மொழி அறிந்த நம் இளைஞர்கள் கூலி வாங்காது, எந்தச் சமயத்தாருக்கும் நாவாக நிற்கட்டும். அது தற்காலிக உதவியே. கடமை அரசினுடையது, அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.