பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்து, "எல்லாம் பிடிவாதம். நாலு தடவை கேட்டா தானா பழகிடும்" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர்கள். சொல்பவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறிவுரை தவறு. காரணமான மரபணு இன்னதென்று தெரிந்த ஆட்டிச வகைகளைப் பார்த்தால் அந்தத் தவறு நன்றாகவே புலப்படும்.

முதலில் பிடிவாதம். லியோ கானர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே வாக்யூம் கிளீனருக்கும் லிஃப்டுக்கும் ஓடும் தண்ணீருக்கும் அஞ்சிய பிள்ளைகள் வருகிறார்கள். தங்கள் தனிமையில் எதுவும் குறுக்கிடுவதை அவர்கள் பொறுக்கவில்லை என்று கானர் கருதினார். ஒலி, தொடுகை, வலி போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஏற்றது 2013-இல்தான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளும் பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள் என்றும் தாய்மார்கள் வளர்க்கத் தெரியாதவர்கள் என்றும் பழி சுமந்தார்கள். அந்தப் பழி இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்தது, பழகிவிடும் என்ற நம்பிக்கை. நம்மில் பெரும்பாலோருக்கு அது உண்மை. மின்விசிறியின் சத்தம் சற்று நேரத்தில் காதில் விழாமல் போகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒலிக்கு மூளை தன் பதிலைக் குறைத்துக்கொள்கிறது. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலையில் பழுதாவது இந்தக் குறைத்துக்கொள்ளும் திறனேதான். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எஃப்எம்ஆர்1 என்ற மரபணு 1991-இல் அடையாளம் காணப்பட்டது. அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் இருநூறு முறைக்கு மேல் அடுக்கி வந்தால் மரபணு செயலிழந்துவிடும். நரம்புச் செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் மற்றப் புரதங்களின் உற்பத்தியைக் கட்டுக்குள் வைக்கும் புரதம் ஒன்று உடலுக்குக் கிடைக்காமல் போகும். இந்நிலை உள்ள பையன்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆட்டிசமும் உண்டு.

இவர்களுக்கு ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் கேட்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலிலேயே பதில் பெரிதாக இருக்கிறது. மற்றவர்களுக்குத் தணிவதுபோல் அது தணிவதுமில்லை. 1999-இல் லூசி மில்லரும் உடன் ஆய்வாளர்களும் உள்ளங்கை வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதை அளந்தார்கள். ஒலி, ஒளி, மணம், தொடுகை, அசைவு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பத் தந்தபோது அங்கும் அதே நிலைதான். பிடிவாதம் பிடித்து உள்ளங்கையை வியர்க்கவைக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குப் பலத்த ஒலி கேட்டால் வலிப்பே வருகிறது. ஆக, நான்காவது முறை மிக்ஸி ஓடும்போதும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு அது முதல் முறைதான்.

அதற்காக எதுவுமே செய்ய முடியாது என்றில்லை. மெல்லிய ஒலியில் தொடங்கி, போதும் என்றால் நிறுத்தும் உரிமையைப் பிள்ளையிடமே கொடுத்து, படிப்படியாகச் சிலருக்குத் தாங்கும் அளவைக் கூட்ட முடிகிறது. நல்ல தெரபிஸ்டுகள் அதைச் செய்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் செண்டை மேளத்தின் முன் நிறுத்துவதை அதோடு சேர்க்கக் கூடாது.

"இவனுக்கு மனுஷங்களே பிடிக்காது" என்பதும் இதோடு ஒட்டிவரும் பேச்சு. ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள பலர் கைகுலுக்கக் கையை நீட்டுவார்கள். அதே நொடியில் முகத்தையும் உடலையும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த காட்சி இது. நீளும் கையில் ஆசை இருக்கிறது. எதிராளியின் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

ஆட்டிசம் என்றால் எல்லாமே மிகையாக உறைக்கும், ஆகவே எல்லோருக்கும் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது சற்றுப் படித்தவர்கள் செய்யும் தவறு. ஃபெலன்-மெக்டெர்மிட் நிலையில் 22-ஆம் குரோமோசோமின் நுனியில் உள்ள ஷாங்க்3 மரபணு இழக்கப்படுகிறது அல்லது பழுதாகிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் வலியைக் குறைவாகவே காட்டுவார்கள். விழுந்தாலும் அழாத பிள்ளையை "கெட்டிக்காரன்" என்று மெச்சுவோம். எலும்பு முறிந்திருப்பது தெரியாமலே போகலாம். பலருக்குப் பேச்சும் வராது என்பதால் காதில் சீழ் வைத்தாலும் சொல்ல வழியில்லை.

இன்னொரு பக்கம், "எல்லாம் மூளைக் கோளாறு" என்பதும் முழு உண்மையன்று. ஹார்வர்டில் டேவிட் கிண்டியின் ஆய்வகம் 2016-இல் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை எலிகளில் ஆராய்ந்தது. மெல்லிய தொடுகையும் அவற்றுக்கு அளவுக்கு மீறி உறைத்தது. காரணத்தைத் தேடியபோது தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்புகளிலேயே பழுது தெரிந்தது. தொடுகை மிகையாக உறைத்த எலிகளில் ஷாங்க்3 குறைந்தவையும் உண்டு. அதே ஆண்டு வெளிவந்த வேறோர் ஆய்விலோ, வீக்கம் கண்ட இடத்தில் சூடு பட்டால் வழக்கமாகக் கூடும் வலி ஷாங்க்3 குறைந்த எலிகளில் கூடவில்லை. ஒரே மரபணு, தொடுகை மிகை, சூட்டு வலி குறைவு. "இவன் அதிகம் உணர்பவனா, குறைவாக உணர்பவனா?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதில் பொருளில்லை, புலன் புலனாகப் பார்க்க வேண்டும். எலியில் கண்டது பிள்ளைக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஃப்ராஜைல் எக்ஸ் எலிகளில் பெரும் நம்பிக்கை தந்த மாவோகுளூரன்ட் என்ற மருந்து மனிதர்களிடம் பலிக்கவில்லை.

"மரபணுவை மாற்றவா போகிறீர்கள், பரிசோதனை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சின்கேப்1 மரபணுவில் மாற்றம் உள்ள சில பிள்ளைகளுக்கு மெல்லும்போதே வலிப்பு வரும். இமை துடித்து, நொடிநேரம் நினைவு தவறும். சாப்பிட அடம்பிடிப்பதாக எண்ணி வாயில் திணிக்காமல் இருக்க, மரபணுவின் பெயர் தெரிந்திருப்பது உதவும். ஷாங்க்3 என்று தெரிந்த வீட்டில், பிள்ளை திடீரெனத் தூங்காமல் சிடுசிடுத்தால் காது, பல், வயிறு மூன்றையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். ஷாங்க்3 பழுதான பிள்ளைகளில் சிலருக்கு வியர்வையும் குறைவு. அதனால் கோடை வெயிலில் விளையாட விட்டால் உடல் சட்டென்று சூடேறும். அவர்களாக நிழலுக்கு வருவார்கள் என்று காத்திருக்காமல் நாமே அழைத்து வந்து தண்ணீர் கொடுக்க வேண்டும்.