நின்று நின்று நடப்பவர்

மாலையிலே கோயிலுக்குப் புறப்படும் பெரியவர் ஒருவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஒழுங்கையைக் கடப்பதற்குள் இருமுறை வேலியோரம் நிற்பார், கெண்டைக்காலைத் தடவுவார், பின்னர் நடப்பார். "கால் நோவோ, ஐயா?" என்று வினவினால், "வயது போய்விட்டது, தம்பி, வேறென்ன?" என்பார். அவ்விடையை ஏற்க எமக்கு மனமில்லை.

1831 ஆம் ஆண்டிலே பூலே என்னும் பிரெஞ்சு மிருக வைத்தியர், சிறிது தூரம் ஓடியதும் நொண்டி, இளைப்பாறியதும் தேறுகின்ற குதிரையொன்றை ஆராய்ந்தார். அதன் தொடை நாடி அடைபட்டிருந்தது. 1858 இலே சார்க்கோ என்னும் வைத்திய அறிஞர் மனிதனிடத்தும் இக்குறியைக் கண்டு எழுதினார்.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லுங் குழாய்களே நாடிகள். கொழுப்புப் படிந்து கால் நாடி ஒடுங்கினால், இருக்கும்போது போதுமான குருதி நடக்கும்போது போதாது. தசை நோகின்றது, நின்றால் நோவு தணிகின்றது.

தசை மாத்திரமா வாடுகின்றது? மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் நரம்புக்கும் நுண்ணிய குழாய்கள் குருதியூட்டுகின்றன. வாய்க்கால் வற்றினால் அதனை நம்பிய பயிர் யாவும் வாடுமன்றோ? சிக்காகோவிலுள்ள நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்து மேரி மக்டேர்மொட் என்னும் வைத்தியப் பேராசிரியரும் துணைவரும் 2006 இலே வெளியிட்ட ஆய்வில், சலரோகமில்லாத கால் நாடி நோயாளரிடத்து, முழங்காலுக்குக் கீழே செல்லும் நரம்பொன்றில் செய்தி செல்லும் வேகம் குறைந்திருந்தது. தசையும் நரம்பும் நலிந்த நோயாளர் தம் நடைத்திறன் குன்றியதாக உணர்ந்தனர் என்பதை 2011 இலே வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

நோவை உணர்த்துவதும் நரம்பே. அது மழுங்கினால் ஆபத்து ஓசையின்றி வரும். எம் தந்தையாரும் சலரோகத்தோடு இவ்வாறே நின்று நின்று நடந்தவர். முதுமையென்று நாமும் வாளாவிருந்தோம். பெருவிரலில் முள் தைத்ததை அவர் உணரவில்லை. புண் ஆறாதபோதே வைத்தியரை நாடினோம். விரலை இழக்க நேர்ந்தது.

நோயை அறியும் வழி எளிது. படுத்திருக்கையில் கணுக்காலில் அளந்த இரத்த அமுக்கத்தைப் புயத்தில் அளந்த அமுக்கத்தால் வகுப்பர். ஈவு 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் நாடி ஒடுங்கியதென்று கொள்வர். சலரோகத்தால் நாடி இறுகியவரிடத்து இவ்வெண் ஏமாற்றக்கூடும். அவர்களுக்குக் கால்விரலின் அமுக்கத்தையும் அளப்பர்.

சுருட்டும் சிகரெட்டும் இந்நோயின் கொடிய துணைவர். அவற்றை அறவே விடுதல் வேண்டும். சலரோகத்தையும் இரத்த அமுக்கத்தையும் அடக்குதல் வேண்டும். வியப்பென்னவெனில், நடக்கவொட்டாத நோய்க்கு நடையே நன்மருந்து. நோவு வரும்வரை நடந்து, நின்று, அது தணிந்தபின் மீண்டும் நடத்தல். இவ்வாறு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் 3 நாள், 12 வாரமேனும் பயிலுதல். வைத்தியரின் ஆலோசனையோடு தொடங்குக. படுத்திருக்கையிலும் பாதம் நோகுமாயின், அல்லது புண் ஆறாதாயின், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை இரவிலே ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். ஒழுங்கைப் பெரியவரை வைத்தியரிடம் அழைத்துச்செல்ல நாம் நாட் குறித்துவிட்டோம். தந்தையாருக்குச் செய்யப் பிந்தியதை இவருக்கேனும் பிந்தாமற் செய்வோம்.