எந்தப் படப் பாட்டு என்று கேட்காதீர்கள்

மட்டக்களப்புப் படுவான்கரைக் கோயிலொன்றின் திருவிழா, கடைசி இரவு. இசைக்குழு நிகழ்ச்சிக்கு நடுவே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கிற்றாரோடு மேடையேறிய பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். சுருதி பிடிப்பதற்காகக் கீபோட் வாசிப்பவர் கேட்டார்: “எந்தப் படம், தங்கச்சி?” “படமில்ல அண்ணா, என்ட பாட்டு.” அவர் கையை எடுத்துவிட்டார். ஒக்டபாட்காரரும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை கிற்றார்ப் பலகையில் உள்ளங்கையால் தட்டித் தானே தாளம் போட்டுக்கொண்டு பாடியது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன தாயின் குரல், போனில் ஒரு நொடி பிந்தி வந்து சேர்வதைப் பற்றிய பாட்டு. மண்ணில் இருந்த பெண்கள் பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “நல்ல குரல். அடுத்த முறை நல்ல சினிமாப் பாட்டொண்டு படிங்க. சரிகமப மேடையில உங்களப் பாக்கணும்.”

கூட்டம் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்லர். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நம்புவதைத்தான் அவரும் சொன்னார். சினிமாப் பாட்டைப் படித்தால்தான் பாடகர். சென்னைத் தொலைக்காட்சி தலையாட்டினால்தான் கலைஞர். சொந்தப் பாட்டு பொழுதுபோக்கு, அது சோறு போடாது. இந்த மூன்று பொய்களையும் நாம் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டி வளர்க்கிறோம். 2023இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் வென்றபோது வடக்கும் கிழக்கும் சேர்ந்து கொண்டாடின. அந்தப் பிள்ளையின் திறமைக்கு அந்தக் கொண்டாட்டம் தகும். ஆனால் அன்றிலிருந்து பாடத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையையும் அந்த ஒரே வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறோமே, அது தகாது.

பிரியா ரகுவைப் பாருங்கள். சுவிற்சர்லாந்தின் சென்காலனில் பிறந்தவர். போரால் இலங்கையை விட்டுப் போன தமிழ்ப் பெற்றோரின் மகள். வீட்டிலேயே ஒரு இசைக்குழு இருந்தது. தமிழர் விழாக்களில் குடும்பமாகப் போய்த் திரைப்பாடல் படித்தார்கள். நம் ஊர் நம்பிக்கைப்படி அந்தத் திரைப்பாடல்கள் அல்லவா அவரை உயர்த்தியிருக்க வேண்டும்? உயர்த்தவில்லை. சோல், ஆர் அண்ட் பி இசையில் அவர் தானே எழுதிய பாடல்கள்தான் உயர்த்தின. இசையமைத்தவர் யார்? ஜப்னா கோல்ட் என்ற பெயரில் இயங்கும் சொந்த அண்ணன். படத் தயாரிப்பாளர் யாரும் காசு போடவில்லை. விமான நிறுவனமொன்றில் விமான உதிரிப்பாகங்கள் கொள்வனவு செய்யும் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். அப்படி வந்த ‘குட் லவ் 2.0’ 2020இல் உலகைச் சுற்றியது. ஃபிஃபா 21 காணொளி விளையாட்டின் பாடல் வரிசையிலும் ஏறியது. வார்னர் என்ற பெரிய கொம்பனி அதன் பிறகுதான் கதவைத் தட்டியது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சொந்தப் பாட்டு, பிறகு கொம்பனி. நாமோ பிள்ளைகளுக்கு அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

2021இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ‘டாம்ன் ஷீஸ் தமிழ்’. 2023இல் வந்த முழு அல்பத்தின் பெயர் ‘சந்தோஷம்’. ஆங்கிலப் பாடல்களுக்கு நடுவே தமிழ்ச் சொல்லும் நம் தாளமும் கேட்கின்றன. தமிழ் என்பதை மறைத்தால்தான் மேற்கில் வெல்லலாம் என்று நினைப்பவர்களுக்கும், தமிழ் என்றால் கோடம்பாக்கம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் பெண் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிட்டார். போட்டி மேடையில் நின்று மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்து வந்தவர் அல்லர் பிரியா ரகு. நாயகிக்குப் பின்னணி பாடி வந்தவர் அல்லர் பிரியா ரகு. தன் பாட்டோடு வந்தவர்.

உடனே ஒரு குரல் வரும்: “அவ சுவிஸில இருக்கிறா. நாம மட்டக்களப்பில இருக்கிறம்.” சரி, மட்டக்களப்புப் பக்கத்துக்கே வருகிறேன். 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் உரும்பிராய் இளைஞர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் நித்தி கனகரத்தினம். அங்கே படித்த காலத்தில் பிறந்ததுதான் ‘சின்ன மாமியே’. எழுதியவரும் அவரே, மெட்டமைத்தவரும் அவரே, பாடியவரும் அவரே. அன்று யூரியூப் இல்லை, ஸ்பொட்டிஃபை இல்லை, கையில் சுவிஸ் பிராங்க் இல்லை. மாணவர்களின் கைதட்டல் இருந்தது. அந்தப் பாட்டு இன்றும் தமிழர் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அந்தக் காலத்தில் வந்த எத்தனை படப் பாட்டுகள் இன்று நினைவில் இருக்கின்றன? சிலோன் மனோகர் என்ற ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யை 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா எடுத்துக்கொண்டார். கடன் கொடுத்தது யார், வாங்கியது யார்? சினிமா நம்மிடம் வந்து பாட்டு எடுத்த வரலாறு கண்முன்னே இருக்க, நாம் ஏன் சினிமா வாசலில் பாத்திரம் ஏந்தி நிற்கிறோம்?

சோல் இசை நமக்கு அந்நியம் என்பார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வயலிலும் தேவாலயத்திலும் வளர்ந்த குரல் அது. அரீதா பிராங்க்ளின் டெட்ராய்ட்டில் போதகரான தன் தந்தையின் ஆலயத்தில் பாடி வளர்ந்தவர். வேலைக் களைப்பும் பிரிவும் கடவுளிடம் முறையிடுவதும் கலந்த இசை. இதில் எது நமக்கு அந்நியம்? படுவான்கரை வயல்களில் பரணில் இரவுக் காவல் இருந்தவன் எதைப் பாடினான்? யாரோ எழுதிக் கொடுத்ததையா? அந்த நேரத்து மனதை அந்த நேரத்தில் கவியாகக் கட்டிப் பாடினான். அடுத்த பரணில் இருந்தவன் அதற்குப் பதில் கவி கட்டினான். அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் பெண்கள் காதலையும் கோபத்தையும் கவியில் சொன்னார்கள். சூடு மிதிக்கும் களத்தில் பொலிப்பாட்டு இருந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளுத்தி பாடுகிறோம். தானே எழுதித் தானே பாடும் கலைஞரை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை. அந்த ஆள் இங்கே பரணில் இருந்தார். நாம்தான் ஒலிபெருக்கி கட்டி அவர் குரலை அமுக்கினோம்.

ஆம், ஒலிபெருக்கி. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஊர் முழுக்கக் காதைப் பிளக்கும் திரை மெட்டுப் பக்திப் பாட்டு. அதே கோயிலில் கூத்தாடிய அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் சும்மா இருக்கிறார். வருடத்தில் ஒரு நாள் விழா வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். மற்ற நாள்களில் அவருக்கு மேடை இல்லை, மத்தளத்துக்குத் தோல் மாற்றக் காசில்லை. டச்சுபாரிலும் பனிச்சையடியிலும் பறங்கியர் பாடும் கபிரிஞ்ஞாவை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நேரில் கேட்டிருக்கிறார்கள்? போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் இன்றும் பாடத் தெரிந்தவர்கள் நம் வாவிக் கரையில் வாழ்கிறார்கள். கேட்க ஆள் வருகிறது, வெளிநாட்டிலிருந்து. ஒரு காலத்தில் இலங்கை வானொலி மெல்லிசைப் பாடல்களுக்கென்று நேரம் ஒதுக்கி, ஈழத்துக் கவிஞரையும் இசையமைப்பாளரையும் பாடகரையும் ஒன்றுசேர்த்தது. இன்றைய தனியார் வானொலிகளைத் திருப்பிப் பாருங்கள். சென்னையில் வெள்ளிக்கிழமை வெளியான பாட்டு சனிக்கிழமை இங்கே பத்துத் தடவை ஓடுகிறது. நம் பிள்ளையின் பாட்டுக்கு நள்ளிரவில் கூட இடமில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடுமை. பள்ளிக்கூட மேடையில் பாடும் வரை “எங்கட பிள்ளை” என்று கைதட்டுவார்கள். பெரியபிள்ளை ஆனதும் மேடை முடிந்தது. ரியூசன் உண்டு, சங்கீதப் பரீட்சை உண்டு, பாட்டு மட்டும் இல்லை. பரீட்சை சித்தி பெறுவது கல்யாணச் சந்தையில் சொல்லிக்கொள்ள. பாடினாலும் யாரோ ஓர் ஆண் எழுதிய காதல் பாட்டைப் பாடலாம், தன் மனதைத் தானே எழுதிப் பாடினால் “யாரைப் பற்றி எழுதினவள்?” என்று ஊர் துப்பறியும். பிரியா ரகுவின் வீட்டிலும் முதலில் தயக்கமும் தடையும் இருந்தன. அவர் அதைக் கடந்தார். நம் பிள்ளைகள் ஏன் தனியாகவே கடக்க வேண்டும்?

இனி சோற்றுக் கணக்குக்கு வருவோம். சொந்தப் பாட்டு சோறு போடாது என்பவர்கள் சட்டத்தைப் படிக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவருக்கு அதன் உரிமை ஆயுள் முழுவதும் இருக்கிறது. இறந்த பிறகு 70 ஆண்டுகள் அவர் வாரிசுகளுக்கும் இருக்கிறது. படப் பாட்டை எவ்வளவு உருகிப் பாடி யூரியூப்பில் ஏற்றினாலும் அந்தப் பாட்டின் சொந்தக்காரக் கொம்பனி உரிமை கோரலாம், விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பலாம். 2017இல் எஸ். பி. பாலசுப்ரமணியம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடிய எஸ்.பி.பி.க்கே அந்த நிலை என்றால், களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு அந்தப் பாட்டில் என்ன பங்கு இருக்கும்? அடுத்தவன் வயலில் காலமெல்லாம் கூலிக்கு வெட்டச் சொல்லிவிட்டு, சொந்தமாக ஒரு வரம்பு கட்டுபவளைப் பார்த்துப் பிழைக்கத் தெரியாதவள் என்கிறோம்.

வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போ என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சோல் இசையின் பெரும் பாடலாசிரியர்களில் ஒருவரான பில் விதர்ஸ், விமானக் கழிவறை இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1971இல் வந்த அவருடைய முதல் அல்பத்தின் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைத்தலத்துச் சுவரோரம் நிற்கிறார். ‘ஏன்ட் நோ சன்ஷைன்’ அந்த அல்பத்தில்தான் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸ் சிறைக் காவலராக இருந்தவர். டாப்டோன் என்ற சிறு சுயாதீன நிறுவனத்தில் முதல் அல்பம் வெளிவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஒருவர் பாடலாசிரியர் ஆகலாம். விமான உதிரிப்பாகம் வாங்கிய கையால் பிரியா ரகு எழுதினார் என்றால், பிரதேச செயலகத்தில் கோப்பு எழுதும் கையாலும் எழுதலாம்.

நாம் பெருமை பேசும் விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்தவர். பழைய யாழ்களின் சுருதியைக் கணக்கிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல், அவர் மறைந்த அதே ஆண்டில் அரங்கேறியது. வழக்கொழிந்த கருவியின் இசை யாருக்குச் சோறு போடும் என்று அவர் கேட்டிருந்தால் அந்த நூல் இல்லை. அவர் பெயரில் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகமே வைத்திருக்கிறோம். அவர் சிலைக்கு மாலை போடும் ஊர், புதிதாக ஒரு பாட்டைக் கட்டி வரும் பிள்ளையிடம் “எந்தப் படம்?” என்று கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. மீன் பாடும் ஊர் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். வாவி மீனுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தவர் யார்?

கோயில் பரிபாலன சபைகளுக்கும் வானொலிக்காரர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்வது இதுதான். அடுத்த திருவிழாவில் அரை மணி நேரத்தைச் சொந்தப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அந்த அரை மணிக்கும் இசைக்குழுவுக்குக் கொடுக்கும் அதே விகிதத்தில் காசு கொடுங்கள். வெற்றிலை பாக்கோடு அனுப்பாதீர்கள். வானொலிகள் ஒரு நாளைக்கு ஒரு உள்ளூர்ப் பாட்டை, மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஒலிபரப்பட்டும். வாத்தியக்காரர்கள் புதுப் பாட்டுக்கும் சுருதி பிடிக்கப் பழகட்டும். கையை எடுப்பது கலைஞனுக்கு அழகல்ல. மகள் கிற்றாரோடு அறைக்குள் இருந்தால் கதவைத் தட்டி “படிச்சியா?” என்று கேட்பதற்கு முதல், “என்னகா கட்டின, படிச்சிக் காட்டு” என்று கேளுங்கள். இதற்கு மேலேயும் ஒருவர் வந்து சினிமாப் பாட்டுத்தான் பாட்டு என்றால் அவரிடம் நான் வாதாடப் போவதில்லை. பிரியா ரகு என்ற பெயரைச் சொல்வேன். அந்தப் பெயர் போதாதென்றால் நித்தி கனகரத்தினம் என்பேன். அதுவும் போதாதென்றால் அவர் மைக்கை விட்டு இறங்கட்டும். பாட்டோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.